மருத்துவர் பதில்கள்: மலையில் ஒரு மருத்துவமனை

நீலகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பொது மருத்துவராகப் பணியாற்றிவரும் மருத்துவர், மருத்துவப் படிப்பு, பணி, அன்றாட வாழ்க்கை ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறார். கேட்டவர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

*

வணக்கம் டாக்டரம்மா. நானும் என் கணவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். எங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள். நீட் தேர்வில் தேர்ச்சி பெற்றும் இடம் கிடைக்கவில்லை. மறுபடி எழுதுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். உறவினர்களோ, நர்சிங்கிலாவது சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
— ஒரு தாய், கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு, முதலில் பணக் கவலையைச் சற்று இறக்கி வையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உங்கள் மகள் உரியவள். அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் கிடையாது.

மறுபடி எழுதலாமா என்பதை உறவினர்களிடம் கேட்பதைவிட, அவள் எழுதிய விடைத்தாளிடம் கேட்பது நல்லது. மொத்தம் 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு உரியது; இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. சரியான விடைக்கு 4 மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். எந்தப் பாடத்தில் எத்தனை போயிற்று, தெரியாமல் விட்டது எத்தனை, தெரியாமலே குறித்து இழந்தது எத்தனை என்று அவளே ஒரு தாளில் எழுதட்டும். உயிரியலில் நன்றாகச் செய்து இயற்பியலில் மட்டும் சறுக்கியிருந்தால் ஓர் ஆண்டு உழைப்பு அதைச் சரிசெய்துவிடும். மூன்று பாடங்களிலும் ஒரே அளவில் குறைந்திருந்தால், அதே புத்தகங்களோடு அதே அறையில் இன்னோர் ஆண்டு உட்காருவது அவளை வருத்துமே தவிர உயர்த்தாது. இரண்டாம் முயற்சிக்கு நான் முழு மனத்தோடு சம்மதிப்பேன். மூன்றாவதற்குச் சம்மதிக்க மாட்டேன். இது என் கருத்துதான், ஆனால் யோசித்துச் சொல்லும் கருத்து. எனக்கும் முதல் முறை இடம் கிடைக்கவில்லை. அந்நாளில் பிளஸ் டூ தேர்வை மறுபடி எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள இம்ப்ரூவ்மென்ட் என்றொரு வழி இருந்தது. அந்த ஓர் ஆண்டு முழுவதும் என் அப்பா என்னிடம் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேரட் தோட்டத்திலிருந்து வந்ததும் விளக்கு எரிகிறதா என்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். உங்களால் அப்படி இருக்க முடிந்தால் அதுவே அவளுக்குப் பெரிய துணை.

கணக்கையும் அவளிடம் மறைக்காதீர்கள். எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓர் ஆண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. அந்தக் கடைசி ஆண்டில்தான் முதன்முதலாக உதவித்தொகை என்று ஏதோ கைக்கு வரும். மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று ஆண்டுகள். உடன் படித்த பிள்ளைகள் சம்பளம் வாங்கி, திருமணம் முடித்து, குழந்தையோடு ஊருக்கு வரும்போது இவள் இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருப்பாள்.

தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும் முன் ஒரு வாரம் அவளை ஏதேனும் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்துச் சென்று, ஓரமாக உட்காரவையுங்கள். அறுவை சிகிச்சையை அவள் பார்க்க வேண்டியதில்லை. சர்க்கரை மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவர்களை, சீட்டைத் தொலைத்துவிட்டுத் தவிக்கும் பாட்டியை, ஒரே கேள்வியை நூறு பேரிடம் கேட்கும் மருத்துவரை அவள் பார்க்கட்டும். எங்கள் வேலையின் பெரும்பகுதி அதுதான். அதைப் பார்த்த பிறகும் அவள் கண்ணில் ஆசை இருந்தால் தயங்காமல் படிக்கவையுங்கள்.

ஒன்றை மட்டும் உறவினர்களிடம் சொல்லிவிடுங்கள்: "நர்சிங்கிலாவது" என்ற சொல்லில் இருக்கும் அந்த "ஆவது" வேண்டாம். பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கிறார்கள். விரும்பிச் சேர்பவர்களுக்கு அது மிக நல்ல வாழ்க்கை. தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு சேரும் பெண் அந்த நினைப்பை நோயாளியின் கட்டில் வரைக்கும் சுமந்து வருவாள்.

*

எங்கள் பக்கம் யாருக்காவது நெஞ்சுவலி வந்தாலும், பிரசவம் சற்றுச் சிக்கலானாலும், "மேல்சிகிச்சைக்கு" என்று எழுதிக் கீழே அனுப்பிவிடுகிறார்கள். மருத்துவர்கள் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்ற எண்ணம் ஊரில் பரவியிருக்கிறது. தங்கள் கருத்து என்ன?
— ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், மஞ்சூர்

மதிப்பிற்குரிய ஐயா, தட்டிக்கழிப்பது நடப்பதே இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகும். இரவு இரண்டு மணிக்குத் தனியாக இருக்கும் இளம் மருத்துவருக்கு, நோயாளி தன் கையில் இறந்துவிடக் கூடாது என்ற பயம் வருவது இயற்கை. அந்தப் பயத்தில் எழுதப்படும் சீட்டுகளும் உண்டு. ஆனால் எல்லாச் சீட்டுகளும் அப்படிப்பட்டவை அல்ல என்பதை விளக்க, இந்த மலையின் தூரத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சமவெளியில் 90 கிலோமீட்டர் என்பது ஒன்றரை மணி நேரம். உதகையிலிருந்து கோவைக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளும் மூடுபனியும் சேர்ந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, கோடை சீசனில் அதற்கும் மேல். மஞ்சூரிலிருந்து வருபவர்களுக்கு உதகையை எட்டுவதே ஒரு தனிப் பயணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ சாலையே இல்லாமல் போய்விடும். 2009 நவம்பரில் பெய்த மழையும் நிலச்சரிவும் எத்தனை உயிர்களைக் கொண்டுபோயின என்பதைத் தாங்கள் நேரில் கண்டிருப்பீர்கள். ஆகவே இங்கே அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்ற முடிவே சிகிச்சையின் முதற்பகுதி. மாரடைப்பு என்று இ.சி.ஜி.யில் தெரிந்தால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை எவ்வளவு விரைவாகப் போடுகிறோமோ அவ்வளவு இதயத்தசை பிழைக்கும். அந்த ஊசியைப் போடாமல் வண்டியில் ஏற்றிவிட்டால், மூன்று மணி நேரமும் தசை செத்துக்கொண்டே போகும். 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகிய மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து அனுப்பும் திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது இதனால்தான்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் செய்த ஒரு தவற்றை இங்கே எழுதுகிறேன். மூச்சுத்திணறலோடு வந்த ஒரு முதியவரை, எங்களிடம் வசதி போதாது என்று எண்ணிப் பத்தே நிமிடத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன். நுரையீரலில் கோத்திருந்த நீரை இறக்க ஊசி போட்டு, ஆக்சிஜனில் வைத்து, அரை மணி நேரம் பார்த்துவிட்டு அனுப்பியிருக்க வேண்டும். பர்லியாறு தாண்டுவதற்குள் அவர் வண்டியிலேயே இறந்துபோனார். அவருடைய மகன் மறுநாள் வந்து, "நீங்கள் சீக்கிரமாக அனுப்பி உதவி செய்தீர்கள் டாக்டர்" என்று எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அதற்குப் பிறகு நான் யாரையும் நிலைப்படுத்தாமல் மலையிறக்கியதில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு முதல் நாள் சொல்வதும் இதைத்தான்.

தங்கள் ஊர் மக்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மேல்சிகிச்சைக்கு என்று சீட்டு எழுதினால், கோபப்படாமல் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: இங்கே இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள், அங்கே யாரிடம் பேசினீர்கள், வழியில் மோசமானால் என்ன செய்வது. பொறுப்போடு அனுப்பும் மருத்துவரிடம் மூன்றுக்கும் விடை இருக்கும். பயந்து அனுப்புபவர் அந்தக் கேள்விகளைக் கேட்டதும் ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி எடுப்பார். பிரசவத்தைப் பொறுத்தவரை, நாள் நெருங்கியதும் கர்ப்பிணியை முன்கூட்டியே மருத்துவமனைக்கு அழைத்துவந்து தங்கவைப்பதே சிறந்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து அழைக்கும்போது, "வலி வரட்டும், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வலி வந்தபின் வரும் தூரம் எத்தகையது என்பதைத் தங்களைப் போன்ற பெரியவர்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

இந்த மாவட்டத்துக்கு 2022இல் 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2025இல் உதகையில் 700 படுக்கைகள் கொண்ட மருத்துவமனைக் கட்டடமும் திறக்கப்பட்டது. முன்பெல்லாம் கோவைக்கு அனுப்பியே தீரவேண்டியிருந்த பலரை இனி மலையிலேயே காப்பாற்ற வழி ஏற்பட்டிருக்கிறது.

*

மருத்துவர்களைத் தெய்வம் என்று சொல்வது உங்களுக்குப் பிடிக்குமா?
— கல்லூரி மாணவி, குன்னூர்

பிடிக்காது. தெய்வம் என்று கும்பிட்ட அதே கைகள், எதிர்பார்த்தது நடக்காதபோது கல்லெடுப்பதையும் நாம் பார்க்கிறோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கவே தமிழ்நாட்டில் 2008இல் ஒரு தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. "டாக்டரம்மா" என்று கூப்பிட்டால் போதும், அது நிறைவான சொல்.

*

நான் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் ஓர் ஆண்டு வீட்டிலேயே இருந்து முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கலாமா, அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியில் சேரலாமா? நண்பர்கள் எல்லோரும் மலைக்குப் போனால் படிப்பு மறந்துபோகும் என்கிறார்கள்.
— பயிற்சி மருத்துவர், கொடைக்கானல்

நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, தம்பி. முதுநிலை நீட் என்பது 200 கேள்விகளுக்கு விடை குறிக்கும் தேர்வு. நாள்தோறும் பயிற்சி செய்பவருக்குத்தான் அது வசப்படும். புறநோயாளிகளைப் பார்த்துவிட்டு மாலையில் குடியிருப்புக்கு வந்தால் உடம்பு புத்தகத்தைத் தேடாது, போர்வையைத்தான் தேடும். இணையம் விட்டுவிட்டு வரும். சில மாலைகளில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டே நான் உங்களைப் பணியில் சேரச் சொல்கிறேன்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாநில முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு என்பதும், எட்டுதற்கரிய பகுதிகளில் பணிபுரிந்த ஆண்டுகளுக்கு ஊக்க மதிப்பெண் உண்டு என்பதும் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது அதைப் பற்றி அல்ல. கல்லூரி மருத்துவமனையில் நீங்கள் ஒரு நோயாளியைப் பார்ப்பது அவருடைய நோயின் ஒரு வாரத்தை மட்டுமே. அவர் எங்கிருந்து வந்தார், வீட்டுக்குப் போய் என்ன ஆனார் என்பது தெரியாது. சிறிய நிலையத்தில் அதே மனிதரை ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று தொடர்ந்து பார்ப்பீர்கள். நீங்கள் எழுதிய பிரஷர் மாத்திரையை அவர் ஏன் பாதியில் நிறுத்தினார் என்பது அப்போதுதான் விளங்கும். தேயிலை பறிக்கும் பெண்ணுக்கு, சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரையைக் காலையில் சாப்பிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அவள் சாப்பிடவே இல்லை. தோட்டத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை என்பதை, மூன்றாவது முறை அவள் கால் வீங்கி வந்தபோதுதான் புரிந்துகொண்டேன். இதை எந்தத் தேர்வும் என்னிடம் கேட்டதில்லை.

மலை தன் பங்குக்கும் சில பாடங்களை வைத்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் அல்ல, 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகையால் கருவிகளைக் கொதிக்கவைத்துவிட்டோம் என்று நிம்மதி அடையக் கூடாது. நீராவி அழுத்தத்தால் கருவிகளின் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவ் 121 பாகையைத் தொட, சமவெளியில் வைக்கும் 15 பவுண்டு அழுத்தம் இங்கே போதாது. உயரத்துக்கு ஏற்ப மூன்று, நான்கு பவுண்டு கூட்ட வேண்டும். விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94 என்று காட்டினால், சென்னையில் பயிற்சி பெற்றவர் பதறுவார். இந்த உயரத்தில் நலமாக உள்ளவருக்கே அது இயல்பாக இருக்கலாம். முகத்தையும் மூச்சின் வேகத்தையும் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். காய்ச்சலோடு வருபவரின் சட்டையைக் கழற்றி அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தீக்காயத் தழும்பு போன்ற கருநிறப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது உண்ணிக் காய்ச்சல், டாக்சிசைக்ளின் மாத்திரை அவரைக் காப்பாற்றும். அதைத் தேடாதவர்கள் எத்தனை விலையுயர்ந்த பரிசோதனைகள் எழுதினாலும் பயனில்லை.

இரண்டு ஆண்டுகள் இருங்கள். தினமும் ஒரு மணி நேரமாவது படியுங்கள், அதுவும் காலையில். வங்கிக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டிய கட்டாயமோ, பெற்றோருக்கு உடல்நலக் குறைவோ இருந்தால் என் அறிவுரையை ஒதுக்கிவிட்டு வீட்டுச் சூழ்நிலைக்கு ஏற்ப முடிவெடுங்கள்.

*

இத்தனை ஆண்டுகளில் உங்களை மிகவும் வருத்திய நிகழ்ச்சி எது?
— விடுதி மேலாளர், உதகை

நீங்கள் விடுதி நடத்துபவர் என்பதால் இதைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். ஒரு மார்கழி இரவில் ஒரு குடும்பத்தைத் தூக்கி வந்தார்கள். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து, காற்று புகாதபடி சன்னல் இடுக்குகளில் துணியைச் செருகிவிட்டுப் படுத்திருக்கிறார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். கணவனும் கைக்குழந்தையும் பிழைக்கவில்லை. புகை இல்லாத கரி என்று கடையில் சொன்னார்களாம். நஞ்சு புகையில் இல்லை, அது கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு வளியில் இருக்கிறது. அது இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறும் இடத்தை 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பிடித்துக்கொள்கிறது. மணம் கிடையாது, எரிச்சல் கிடையாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஏமாற்றிவிடும். ஆக்சிஜன் 98 இருப்பதாகவே காட்டும்.

ஒரே அறையில் படுத்த பலருக்கு ஒன்றாகத் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் உணவைச் சந்தேகிக்கும் முன் அறையைச் சந்தேகியுங்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108ஐ அழையுங்கள். உங்கள் விடுதியில் யார் கேட்டாலும், எவ்வளவு பணம் கொடுத்தாலும், கரி அடுப்பை அறைக்குள் அனுமதிக்காதீர்கள். இன்னொரு கம்பளியைக் கொடுங்கள். இங்கே பிறந்தவர்களும் இதற்கு விலக்கல்ல. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இப்படி ஒரு செய்தி வருகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் படிக்கும்போது அந்தக் குழந்தையின் கம்பளித் தொப்பி என் நினைவுக்கு வருகிறது.

*

நான் பணியர் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவள். செவிலியர் ஆக விரும்புகிறேன். எங்கள் ஆட்களுக்கு அந்த வேலை சரிப்படாது என்று சிலர் சொல்கிறார்கள்.
— பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கூடலூர்

அப்படிச் சொல்பவர்களை, உங்கள் ஊரிலேயே 1990 முதல் இயங்கிவரும் ஆதிவாசி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாகப் பணியாற்றிவருகிறார்கள். பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் அணு இரத்தசோகை, அதாவது இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை நோய் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய், தந்தை இருவருமே அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு உண்டு. திருமணத்துக்கு முன் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று நான் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னால், குற்றம் சாட்டுவதாக நினைத்து எழுந்து போய்விடுகிறார்கள். பாடியில், அதாவது அவர்களுடைய குடியிருப்பிலேயே வளர்ந்த ஒரு பெண், அவர்கள் பேசும் பேச்சிலேயே, அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொன்னால் கேட்கிறார்கள். இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். என்னால் முடியாத அந்த வேலை உங்களால் முடியும், மகளே. விண்ணப்பிக்கும்போது சாதிச் சான்றிதழைக் கடைசி நேரத்துக்கு விட்டுவிடாதீர்கள். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இப்போதே போய்வாருங்கள்.

*

மருத்துவப் பணிக்கும் வீட்டுக்கும் இடையே உங்கள் நாள் எப்படிப் போகிறது? என் மனைவியும் மருத்துவர்தான். வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை என்பது என் மனக்குறை.
— வாசகர், குன்னூர்

என் கணவர் பள்ளி ஆசிரியர். அவரும் இதே குறையைச் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு எழுந்து குக்கரை வைத்துவிட்டு, ஏழரைக்கு வார்டில் இருப்பேன். பகல் ஒரு மணிக்குள் நூறு பேரிடமாவது பேசியிருப்பேன். பேச்சு என்பது என் தொழிலின் கருவி. மாலையில் அது மழுங்கிப்போய்விடுகிறது. உங்கள் மனைவியின் மௌனம் உங்கள்மீது உள்ள கோபம் அல்ல என்பதை நம்புங்கள். வந்தவுடன் "இன்று என்ன ஆயிற்று" என்று கேட்காமல், அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். என் மாமியார் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் காபியை வைத்துவிட்டுத் தோட்டத்துக் கீரையை ஆய உட்காருவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆய்வேன். பாதிக் கட்டு முடிவதற்குள் எனக்குப் பேச்சு வந்துவிடும்.

பிழைகளும் உண்டு. என் மகனுக்கு ஏழு வயதில் நான்கு நாள் காய்ச்சல் அடித்தபோது, வார்டில் உள்ள குழந்தைகளோடு ஒப்பிட்டு, இது சாதாரணக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் என் கணவர் அவனை வேறொரு மருத்துவரிடம் தூக்கிச் சென்றார், நிமோனியா. வேறு வீட்டுக் குழந்தையாக இருந்தால் இரண்டாம் நாளே நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருப்பேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் நான் மருத்துவம் பார்ப்பதில்லை. சீட்டு வாங்கி வரிசையில் உட்காருகிறோம். உங்கள் வீட்டிலும் இதைக் கடைப்பிடியுங்கள். உங்கள் மனைவி தன் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கடைசியாக எப்போது பார்த்துக்கொண்டார் என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தடுமாறினால் நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

*

நோயாளிகளைப் பார்க்காமல், ஆராய்ச்சியில் ஈடுபடும் மருத்துவராக வாழ முடியுமா?
— பிளஸ் ஒன் மாணவர், குன்னூர்

முடியும், அதற்கு நீங்கள் உங்கள் ஊரைச் சுற்றிப் பார்த்தாலே போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெறிநாய் கடித்த தென்னிந்தியர்கள், தடுப்பு மருந்துக்காக இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய பிறகே அந்தத் தூரம் குறைந்தது. அதே வளாகத்தில் முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ராபர்ட் மெக்கரிசன் ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய்களை ஆராயத் தொடங்கினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். அந்தச் சிறிய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் அணுத் தன்மையை முதன்முதலில் கண்டறிந்ததும் நீலகிரிப் பழங்குடி மக்களின் இரத்தத்தில்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952இல் அதை வெளியிட்டார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து நுண்ணுயிரியல், நோய்க்குறியியல், சமூக மருத்துவம் ஆகியவற்றில் எம்.டி. படித்தால் இந்தப் பாதைக்கு வரலாம். வருமானம் குறைவு; பெயர் வெளியே தெரியாது.

*

என் தந்தைக்கு வயிற்றில் புற்றுநோய். அவரிடம் சொல்லக் கூடாது என்று என் அண்ணன் மருத்துவரைக் கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறார். அப்பா என்னிடம் தினமும் கேட்கிறார். நான் என்ன சொல்வது? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?
— ஒரு மகள், கோத்தகிரி

அன்புள்ள தங்கைக்கு, உங்கள் அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா உடைந்துபோவார் என்ற அச்சம் அன்பிலிருந்து வருவது. எங்களிடமும் வார்டுக் கதவுக்கு வெளியே நிறுத்தி, "அல்சர் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்கும் பிள்ளைகளே மிகுதி. தொடக்கத்தில் நான் அவர்கள் சொன்னபடி நடந்துகொண்டேன். நோயாளிக்கு எப்படியும் தெரிந்துவிடுகிறது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். எடை குறைகிறது, கோவைக்கு அழைத்துப் போகிறார்கள், உள்ளே நுழையும் பலகையிலேயே புற்றுநோய்ப் பிரிவு என்று எழுதியிருக்கிறது, பேத்தி திடீரென்று கட்டிப்பிடித்து அழுகிறாள். எல்லோரும் நடிப்பதைப் பார்த்து அவரும் நடிக்கத் தொடங்குகிறார். கடைசி மாதங்களில் வீட்டில் ஒருவருக்கொருவர் உண்மை பேசிக்கொள்ள ஆள் இல்லாமல் போய்விடுகிறது.

இப்போது நான் வேறு விதமாகச் செய்கிறேன். நோயாளியிடம் தனியாக உட்கார்ந்து, "உங்கள் நோயைப் பற்றி எல்லாவற்றையும் நீங்களே தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, அல்லது பிள்ளைகளிடம் சொன்னால் போதுமா?" என்று கேட்கிறேன். சிலர், மகனிடம் சொல்லிவிடுங்கள் என்று கையை உதறிவிடுகிறார்கள். அது அவர்கள் உரிமை, அதை மீறி நான் திணிப்பதில்லை. பலர், சொல்லுங்கள் என்கிறார்கள். அப்போது ஒரே மூச்சில் கொட்டாமல், அவர்கள் கேட்கும் அளவுக்கு மட்டும் சொல்கிறேன். என்னென்ன மருந்து இருக்கிறது, வலி வந்தால் அதை எப்படிக் குறைக்க முடியும் என்பதையும் அதே நாளில் சொல்லிவிடுகிறேன். வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு, உரிய அளவில் கொடுத்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று கேட்டதும் முகம் தெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவைவிட வலியையே அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள்.

உங்கள் அண்ணனோடு முதலில் பேசுங்கள், அப்பாவுக்கு எதிரில் வேண்டாம். பிறகு இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் சென்று, மேற்சொன்ன கேள்வியை அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள். அதுவரை அவர் உங்களிடம் கேட்டால், "நீங்கள் என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் அப்பா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவர் பேசும் வரை பக்கத்தில் இருங்கள். சென்ற ஆண்டு ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து வந்த பெரியவரிடம் அவருடைய மகள் அப்படித்தான் கேட்டாள். அவர் வெகுநேரம் சன்னலைப் பார்த்திருந்துவிட்டு, கீழ்த்தோட்டத்தை யார் பெயருக்கு எழுதுவது, படகர்களின் தெய்வமான ஹெத்தையின் திருவிழாவுக்குள் வீட்டுக்குப் போக முடியுமா என்ற இரண்டையும் என்னிடம் கேட்டார். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே அவரை டிஸ்சார்ஜ் செய்தோம்.